மந்த வாயுவுக்குப் பக்கத்து நாற்காலி

"அந்த நாற்காலியில உன் தம்பி உட்காரக்கூடாது!"

வேதியியல் வாத்தியார் போட்ட சத்தத்தில் மனைவியின் கையிலிருந்த தேநீர்த் தட்டு ஆடியது.

"ஏன், கால் உடைஞ்சிருக்கா?"

"உடைச்சிடுவான். அவன் பொட்டாசியம். தனிம அட்டவணையில முதல் தொகுதி, கீழே போகப் போக வேகம் ஜாஸ்தி. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலே பத்திக்குவான்."

மகளுக்கு வந்த முந்தைய சம்பந்தம் இந்த மைத்துனரின் வாயால்தான் கெட்டது. இன்று வருகிற பையன்மேல் மகள் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அவனை வளர்த்த அத்தை தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். தனிக்கட்டையான அந்த அம்மாள் ஃப்ளோரின் ரகம். எதிரே யார் அகப்பட்டாலும் பிய்த்துவிடுவாள் என்று கேள்வி.

ஆகவே பொட்டாசியம் சன்னலோரம், ஃப்ளோரின் வாசலோரம்.

பையனோடு அத்தை வந்தாள். "இங்க காத்தே வரலையே" என்று நேராகச் சன்னலோரம் போய் மைத்துனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் முந்திக்கொண்டார். "மச்சான், உள்ள போய்த் தண்ணி கொண்டு வாங்க!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பொட்டாசியத்தையா தண்ணீருக்கு அனுப்புவது?

கால் தடுக்கி, சட்டை சொட்டச் சொட்ட வந்து நின்றார் மைத்துனர்.

"தண்ணி கேட்டா குளிச்சிட்டே வர்றாரே!" என்றாள் அத்தை.

"சிலரைப் பார்த்தா தலைமுழுகத்தான் தோணுது!" என்றார் மைத்துனர்.

பற்றிக்கொண்டது. வாத்தியார் பாய்ந்தார். மூலையில் இருந்த தன் அண்ணனை நாற்காலியோடு இழுத்து வந்து இருவருக்கும் நடுவில் போட்டார். அண்ணன் மந்த வாயு. கல்யாணம் காட்சி கிடையாது. இடி விழுந்தாலும் "ம்" தான்.

கூடம் அமைதியானது. வாத்தியார் மூச்சு விட்டார்.

அத்தை அண்ணனை உற்றுப் பார்த்தாள். குனிந்து ஏதோ கேட்டாள். அண்ணனின் காது சிவந்தது. இருவரும் எழுந்து பால்கனிக்குப் போனார்கள். கதவு படாரென்று மூடியது.

"போச்சு!" மனைவி கிசுகிசுத்தாள். "'இப்பவாவது வாயைத் திறப்பீங்களா'ன்னு கேட்டாங்க. உங்க அண்ணன் என்னத்தைச் சொல்லித் தொலைக்கிறாரோ!"

கண்ணாடிக்கு அப்பால் அத்தையின் விரல் அண்ணனின் மூக்குக்கு நேரே ஆடியது. மகளின் கண்ணில் நீர் முட்டியது. பையன் கைக்குட்டையைக் கசக்கினான்.

கதவு திறந்தது.

"பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அத்தை. "ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கம்மா" என்றார் வாத்தியார்.

"ரெண்டு கல்யாணமும் ஒரே நாள்ல நடக்கணும்."

"ரெண்டா? இன்னொண்ணு யாருக்கு?"

"ஒரே ஆபீஸ்ல பக்கத்து மேசை. இவர் கேட்பார், கேட்பார்னு காத்திருந்தே எனக்கு முடி நரைச்சுப் போச்சு."

"ம்" என்றார் அண்ணன், வெட்கத்தோடு.

வாத்தியார் தலையில் கை வைத்தார். "மந்த வாயு எதோடயும் சேராதே!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மந்த வாயுவுலயும் அடியில கிடக்கிற செனான் ஃப்ளோரினைப் பார்த்தா சேர்ந்துடும்னு நீங்கதானேப்பா பாடம் நடத்தினீங்க? இழுத்துட்டு வந்து பக்கத்துல போட்டதும் நீங்கதான்!"