முத்திருளன் ராஜாவான படம்

முத்திருளனுக்குக் கோபம் வந்தால் அதை முதலில் அறிவது அவருடைய மீசை; அடுத்து அறிவது அக்கம்பக்கம். மனைவி சோலையம்மாள் மட்டும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவே மாட்டாள். பழங்காநத்தத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அம்மனிதர், கருகிய காயிலையும் மிஞ்சிக் கருகிக்கொண்டிருந்த ஆண்டு இரண்டாயிரத்து எட்டு.

கருக வைத்தவன் மைத்துனன் காளை. வாடிப்பட்டியில் ஒரு காதுகுத்து. சொந்தபந்தமெல்லாம் கறிச்சோற்றில் கைவைத்த வேளையில் அவன் வாயைத் திறந்தான்.

"எங்க மச்சான் வெளியிலதான் புலி. எங்க அக்கா கிழிச்ச கோட்டத் தாண்டச் சொல்லுங்க, பாப்போம்."

பந்தியே சிரித்தது. ஆயுளில் சிரித்தறியாத பங்காளிகளும் சிரித்தார்கள். சோலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியது இருமலையா, சிரிப்பையா என்பது கட்டிய கணவனுக்குத் தெரியாதா?

இலையை மடிக்கும் முன்பே முத்திருளன் சபதம் செய்துவிட்டார். ஒத்தக்கடையில் காளை கட்டும் புதுவீட்டுக்குப் பால்காய்ச்சும் நாள் வரும். இதே சொந்தங்கள் கூடுவார்கள். அவர்கள் கண்முன்னே புதுவீட்டுச் சுவரில் ஒரு பொம்மைப்படம் ஓடவேண்டும். அதில் முத்திருளனின் முகங்கொண்ட ராஜா உறுமவேண்டும். சோலையம்மாளின் முகங்கொண்ட ராணி நடுங்கவேண்டும். போன மானம் அந்தச் சுவரிலேயே திரும்பி வரவேண்டும்.

கல்யாண வீடியோ எடுக்கும் சாய்பிரசாத், அப்போதுதான் 'மோஷன் கேப்சர்' சாமான்களைத் தம் ஸ்டூடியோவில் இறக்கியிருந்தார். கறுப்பு உடையில் மூட்டுக்கு மூட்டு வெள்ளைப் பந்துகளை ஒட்டிக்கொண்டு ஒருவர் ஆடினால், சுற்றி நிற்கும் கேமராக்கள் அந்த அசைவை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இருக்கும் பொம்மை அதே ஆட்டத்தை ஆடும்.

முத்திருளன் அவரிடம் படத்துக்குப் பேசி முடித்தார். மனைவியிடம் சொல்லப் போகும்போதே போருக்கு ஆயத்தமாகப் போனார்.

"நீயும் நடிக்கணும். நான் ராஜா, நீ ராணி. நான் கத்துவேன், நீ நடுங்கணும்."

"எம்புட்டு நேரம் நடுங்கணும்?"

"நான் போதும்ங்கிற வரைக்கும்."

"சரிங்க. பருப்ப எறக்கி வச்சிட்டு வாரேன்."

சண்டையின்றி வென்றது அவருக்குப் பெரும் எரிச்சலாகிவிட்டது. திரட்டிய கோபத்தைச் செலவழிக்க இடமின்றி, கடைக்குப் போய் ஒரு பம்புசெட்டைத் திட்டினார்.

ஸ்டூடியோவில் முத்திருளன் நடிக்கவில்லை; உள்ளே இருந்ததை வெளியே விட்டார். தரையை உதைத்தார். விரலை நீட்டினார். மீசையை இருபுறமும் முறுக்கினார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரவல் வாங்கிய கறுப்புச் சுடிதாரில் நின்ற சோலையம்மாள் கைகூப்பினாள், குறுகினாள், காலில் விழுந்தாள், எழுந்து, இல்லாத முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை பணிவையும் இவ்வளவு காலம் எங்கே பூட்டி வைத்திருந்தாள் என்று அதற்கும் சேர்த்துக் கோபித்தார்.

இடைவேளையில் அவள் சாய்பிரசாத்திடம் கேட்டாள். "ஏந் தம்பி, இவுக ஆட்டத்த இவுக பொம்மைக்குத்தான் மாட்டணுமா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. அண்ணன் ஆட்டத்த யானைக்கு மாட்டுனா, யானை அப்படியே ஆடும்."

"அட, அம்புட்டு வசதியா."

முத்திருளன் காதில் இது விழவில்லை. தொப்பையிலிருந்து கழன்று உருண்ட பந்து ஒன்றைத் திட்டியபடி துரத்திக்கொண்டிருந்தார்.

பால்காய்ச்சும் நாள் வந்தது. புதுவீட்டுக் கூடத்துச் சுவரில் படம் விழுந்தது. கிரீடம் தரித்த ராஜா. முத்திருளனின் முகம், முத்திருளனின் மீசை.

"நல்லாப் பாத்துக்க மாப்ள" என்று காளையை அதட்டினார்.

எதிரே ராணி வந்தாள். தரையை உதைத்தாள். விரலை நீட்டினாள். தனக்கு இல்லாத மீசையை இருபுறமும் முறுக்கினாள். ராஜா கைகூப்பினார், குறுகினார், கிரீடம் தரையில் முட்ட அவள் காலில் விழுந்தார், எழுந்து, இல்லாத முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

வீடு அதிர்ந்தது. காளை வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "உண்மைக் கதைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மச்சான்."

முத்திருளன் பாய்ந்துபோய் சாய்பிரசாத்தின் சட்டையைப் பிடித்தார். "யாரைக் கேட்டுய்யா மாத்துன?"

"அக்காதாண்ணே மாத்தச் சொன்னாங்க."

"அவ யாருய்யா சொல்றதுக்கு? இது எம் படம். என் வீட்ல எம் பேச்சுதான். என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. பங்காளிகள் பாயசத் தம்ளருடன் பின்வாங்கினார்கள். காளைகூட வாயை மூடினான். போன மானம் வாசற்படி வரை திரும்பி வந்துவிட்டது.

சோலையம்மாள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அவர எதுக்கு வையிறீக? 'எதுக்கும் அவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க'ன்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்."

"கேட்டேண்ணே" என்றார் சாய்பிரசாத், சட்டையை விடுவித்துக்கொண்டே. "போன் போட்டு, 'அக்கா படத்துல ஒரு மாத்தம் சொல்றாங்க, செய்யவா'ன்னு கேட்டேன். என்ன மாத்தம்னுகூட நீங்க கேக்கல. 'அவ சொல்றபடியே செஞ்சிருய்யா, இல்லாட்டி எனக்கு ராத்திரிச் சோறு கெடைக்காது'ன்னு வச்சிட்டீங்க."