மூன்று மிஸ்டு கால்

மிஸ்டு கால் கொடுக்கப் படிப்பு தேவையில்லை. படித்தவர்கள் அதில் கை வைத்தால்தான் கெட்டுப்போகும். இதை நான் யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை. என் சொந்த அண்ணன் கல்யாணத்தில், இருநூறு பேர் பார்க்க, பேண்டு வாத்தியம் முழங்க நானே நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

2008-ஆம் வருஷம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ, உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் எனக்குக் கருத்து கிடைத்திருந்தது. பட்டனே இல்லாமல் கண்ணாடியைத் தேய்க்கிற போன் வரப்போகிறது என்றார்கள். "நம்ம ஊர் வேர்வைக்கு அது ஆறு மாசம் தாங்காது, எழுதி வெச்சுக்கோங்க" என்றேன். (இந்தக் கட்டுரையை எதில் தேய்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.) அம்மா டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வைத்திருந்தாள். அது அந்த ரிமோட்டை வடிவமைத்தவனுக்குச் செய்கிற துரோகம் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கால்குலேட்டருக்கும் ஒரு கவர் போட்டு வைத்தாள்.

விஞ்ஞானத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டில் பூமிக்கு அடியில் பெரிய எந்திரம் ஒன்றை ஓட்டப் போகிறார்கள், அதிலிருந்து கருந்துளை கிளம்பி உலகத்தையே விழுங்கிவிடும் என்று அப்போது ஒரு பேச்சு. அதை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அது முகூர்த்தத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குமரன் அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம். பெண் தேன்மொழி. காட்டுமன்னார்கோயில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கும். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பெண் வீட்டார் பஸ் பிடித்து வந்து பிள்ளையார் கோயிலில் இறங்குவார்கள். பஸ் வந்து நிற்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தி, பேண்டு, வாணவேடிக்கையோடு அங்கே தயாராக நின்றிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் ஐம்பது வருஷம் பேச்சு கேட்க வேண்டும். எங்கள் பெரியம்மாவை அழைக்க அந்தக் காலத்தில் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார்களாம். பெரியப்பாவுக்கு இன்றுவரை காபியோடு அந்தப் பேச்சும் கிடைக்கிறது.

தேன்மொழி அண்ணியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கோயில்ல நீ முன்னாடி நில்லு. உன் மூஞ்சியப் பாத்துட்டு எறங்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அதனால் இந்தப் பெண் அழைப்பு பிசகாமல் நடக்க வேண்டும் என்று எனக்கு உள்ளபடியே அக்கறை. அக்கறையோடு நிறுத்தியிருக்கலாம்.

பஸ் எங்கே வருகிறது என்று மண்டபத்தில் தெரிய வேண்டும். சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்? போன் பண்ணிக் கேட்பார்கள். நான் சாதாரண மனுஷியா? 'நல்ல வடிவமைப்பு என்றால் உபயோகிப்பவர் வாயே திறக்க வேண்டியிருக்கக் கூடாது' என்று எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டேன். காட்டுமன்னார்கோயிலில் பஸ் கிளம்பினால் ஒரு மிஸ்டு கால். சிதம்பரம் தாண்டினால் இரண்டு. கடலூருக்குச் சற்று முன்னால் வரும் குடிகாடு தாண்டினால் மூன்று. மூன்று வந்ததும் நாங்கள் மண்டபத்திலிருந்து கோயிலுக்குக் கிளம்ப வேண்டியது. கட்டம், அம்புக்குறியெல்லாம் போட்டு ஒரு முழு சார்ட் பேப்பரில் வரைந்து மண்டபத்தில் ஒட்டினேன். (சமையல்காரர் அதை உரித்து, பொரித்த அப்பளத்தை எண்ணெய் வடிய அதன்மேல் போட்டிருந்தார். அதுதான் அந்தப் படத்தால் கடைசிவரை நடந்த ஒரே நல்ல காரியம்.)

பஸ்ஸிலிருந்து மிஸ்டு கால் கொடுக்கும் பொறுப்பு அண்ணியின் தாய்மாமா கலியபெருமாள் மாமாவுக்கு. ரைஸ் மில் நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன்.

"புரிஞ்சுதா மாமா?"

"புரிஞ்சுதும்மா."

அத்தோடு பரிசோதனை முடிந்தது. அவர் மிஸ்டு காலை எப்படி உபயோகிக்கிறவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் கேட்க என்ன இருக்கிறது? படித்தது நானல்லவா!

அன்று வியாழக்கிழமை. ராகு காலம் முடிந்து மூன்று மணிக்கு அவர்கள் கிளம்புவதாக ஏற்பாடு. ஐந்தேகால் மணிக்கு எனக்குத் தலைபின்னிப் பூ வைத்து முடித்தார்கள். சார்ஜில் போட்டிருந்த போனைப் போய் எடுத்தேன். திரையில் '3 மிஸ்டு கால்'. மூன்றும் கலியபெருமாள் மாமா. (ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஆறல்லவா இருக்க வேண்டும் என்று கணக்குப் போட எனக்குத் தோன்றவில்லை.)

"குடிகாடு தாண்டிட்டாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே எழுந்து நின்றது.

அப்பா மட்டும், "எதுக்கும் ஒரு வார்த்த பேசிடும்மா" என்றார். வேண்டா வெறுப்பாகப் போட்டேன். இரண்டு ரிங் போனது, கட் ஆனது. மறுபடி போட்டேன். மறுபடி கட்.

"பாத்தீங்களா, எறங்கற அவசரத்துல இருக்காங்க. சிஸ்டம் கரெக்டா வேல செய்யுதுப்பா."

புறப்பட்டோம். முன்னால் பேண்டு, நடுவில் கோட்டும் மாலையுமாக அண்ணன், பின்னால் தட்டு தூக்கிய பெண்கள். எல்லாருக்கும் முன்னால், ஏதோ ராக்கெட் விட்ட விஞ்ஞானி மாதிரி போனைக் கையில் பிடித்தபடி நான். கோயில் வாசலில் பஸ் இல்லை. வந்துவிடும் என்றேன். பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள். வந்துவிடும் என்று மறுபடி சொன்னேன். மறுபடி வாசித்தார்கள்.

கால் மணி கழித்துத் திருப்பத்தில் ஒரு பஸ் தலை தெரிந்தது. "தோ வந்துட்டாங்க!" என்று கத்தினேன். பெரியப்பா தாமதத்தின் விலை தெரிந்தவர் ஆயிற்றே, ஒரு வினாடி யோசிக்கவில்லை. மொத்தச் சரவெடியையும் பற்ற வைத்தார். பேண்டு உச்சத்துக்குப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள். புகை விலகிப் பார்த்தால், ஷிப்டு முடிந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது பேர் ஜன்னல் வழியாக எங்களை வாய் பிளந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் சுதாரித்துக்கொண்டு, எழுந்து நின்று எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

அதற்குள் என் போனில் வரிசையாக இரண்டு மிஸ்டு கால். மாமாதான். என் படத்தில் மூன்றுக்கு அப்புறம் இரண்டு என்பதே கிடையாது. பஸ் பின்னால் போகிறதா? போட்டேன், கட். போட்டேன், கட். பதினோரு தடவை போட்டேன். பதினோரு தடவையும் இரண்டாவது ரிங்கில் கட். பெண்ணின் அப்பாவுக்குப் போன் வைத்துக்கொள்ளும் பழக்கமே இல்லை. கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்களோ என்று பெரியம்மா ஆரம்பித்தாள். அம்மா முகம் செத்துவிட்டது. ஆறரை மணிக்கு பேண்டு மாஸ்டர் கிளாரினெட்டை உறையில் போட்டார்.

"எம்மா, மஞ்சக்குப்பத்துல இன்னொரு பொண்ணு அழைப்பு. முகூர்த்த நாளு பாரு, நிக்க முடியாது."

பேண்டு போனது. வெடி ஏற்கெனவே போய்விட்டது. நடுத்தெருவில் மாலையோடு அண்ணன் மட்டும் மிச்சம். அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தான்.

"அப்பா, நான் வேணா தேன்மொழிக்கே போன் பண்ணட்டுமா?"

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணோடு போனில் பேசக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். "உங்கிட்ட எப்புட்றா நம்பரு?" என்றார்.

"ராங் நம்பர் போட்டப்ப கெடச்சுதுப்பா."

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அண்ணியின் குரல் தெருவுக்கே கேட்டது. "ஆலப்பாக்கம் தாண்டினு இருக்கோங்க, குடிகாடு இன்னும் வரல. போட்டோகிராபர் வர லேட்டாயிடுச்சு, கெளம்பவே நாலே முக்கா ஆச்சு. ஏன், உங்க தங்கச்சி சொல்லல? மாமா வழியெல்லாம் அவளப் பத்திதான் பேசினு வர்றாரு. எவ்ளோ பொறுப்பு பாரு, விடாம பதில் மிஸ்டு கால் குடுத்துனே இருக்குதுன்னு."

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அந்த எந்திரத்தை அப்போதே ஓட்டி, கருந்துளை நேராக பிள்ளையார் கோயில் வாசலுக்கு வந்திருந்தால் முதல் ஆளாகக் குதித்திருப்பேன்.

ஏழு மணிக்கு நிஜ பஸ் வந்தது. பேண்டு இல்லை, வெடி இல்லை. தரையெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை. பெரியம்மா கையில் ஒரு ஆரத்தித் தட்டு, அவ்வளவுதான். முதலில் இறங்கிய பெண்ணின் அப்பா சுற்றிலும் பார்த்தார். முகம் சுருங்கியது. பின்னால் வந்த கலியபெருமாள் மாமா, "இன்னாம்மா இது, பேண்டு எங்க? எங்க பொண்ண இப்படித்தான் அழைப்பீங்களா?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். அழுகை வேறு பொங்கி வந்துவிட்டது.

"தப்பு என்னுது மாமா. எல்லாரும் ஒன்ற மணி நேரமா இங்கதான் நின்னுனு இருந்தோம். மூணு மிஸ்டு கால் பாத்துட்டு நீங்க குடிகாடு தாண்டிட்டீங்கன்னு நான்தான் கூட்டினு வந்துட்டேன்."

"நான் ஊர்ல கெளம்பறப்ப ஒண்ணுதான் குடுத்தேன். நீ திருப்பிக் குடுக்கல."

"எத மாமா?"

"பதில் மிஸ்டு கால். மில்லு சத்தத்துல யாரு பேசறது? ஒருத்தரு குடுத்தா, சேதி வந்துடுச்சுன்னு எதிராளி திருப்பி ஒண்ணு குடுக்கணும். அதான மரியாத? நீ குடுக்கல. பாக்கலியோன்னு இன்னொண்ணு குடுத்தேன். அதுக்கும் இல்ல. அப்பறம் இன்னொண்ணு. அதுக்குத்தான் நீ குடுத்த. சரி, பாத்துட்டன்னு கட் பண்ணேன். உனக்கு எதுக்குக் காசு ஜாஸ்தியா போவணும்?"

சேதி வந்து சேர்ந்ததா என்று பதில் சொல்ல என் படத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. மில்லில் நெல் கொட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

அண்ணி பஸ் படியிலேயே நின்றாள். அவள் இறங்கினால்தான் கல்யாணம். இறங்காமல் நின்ற அந்த நொடி எனக்கு ஒரு வருஷம். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் கண் மை கன்னம் வரை வழிந்து, மூக்கு சிவந்து, தலையில் பூ ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"உன் மூஞ்சியப் பாத்து எறங்கறேன்னுதான்டி சொன்னேன். அதுக்குன்னு இப்படியா வெச்சினு நிப்ப?" என்றவள், மணப்பெண் என்பதையும் மறந்து வெடித்துச் சிரித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றிச்சுட்டி ஆட ஆடச் சிரித்தாள். முதலில் அவளுடைய அம்மா, அப்புறம் என் அம்மா, கடைசியில் பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஆரத்தி எடுத்தார்கள், அண்ணி இறங்கினாள்.

"பேண்டு இல்லன்னா இன்னா?" என்று மாமா இடுப்பிலிருந்து தன் சைனா செட் போனை எடுத்தார். செங்கல் அளவு, எட்டு ஸ்பீக்கர். அதில் ஒரு குத்துப் பாட்டை வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஊர்வலம் கிளம்பியது. பெரியப்பா ஆடினார். நூறடி போயிருப்போம், பாட்டு நின்று போன் அடித்தது. எல்லாரும் நின்றோம். மில்லிலிருந்து மிஸ்டு கால். மாமா நடுரோட்டில் நின்று, கண்ணைச் சுருக்கி நம்பரைத் தேடி, பதில் மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத்தான் பாட்டை மறுபடி வைத்தார். மண்டபம் போய்ச் சேர்வதற்குள் இப்படி நான்கு தடவை நின்றோம். பெரியம்மா இன்றைக்கும், எங்கள் குடும்பத்திலேயே அமர்க்களமாக நடந்த பெண் அழைப்பு அதுதான் என்கிறாள். தன்னுடையதை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

இப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். எதையும் வரைவதற்கு முன்னால், அதை உபயோகிக்கப் போகிறவர்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பேன். 'ரொம்ப விவரமான பொண்ணு' என்கிறார்கள். காரணத்தை நான் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், "கலாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவ முன்னாடியே வெடி வெச்சுடுவா" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

2012-இல் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரம். இந்தத் தடவை பஸ்ஸில் வரும் பெண் நான். கடலூரில் பஸ் கிளம்பும்போது கலியபெருமாள் மாமாவைக் காணவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அண்ணி, "வருவாரு, நீ ஏறு" என்றாள். வழியெல்லாம் நான் அவருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தேன்.

சிதம்பரத்தில் கோயில் வாசலுக்கு பஸ் திரும்பியதும் வெடி சத்தம். பேண்டு வாத்தியம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் முன்னால், வெள்ளை வேட்டியில் மாமா நின்றிருந்தார். அவருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கே காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து நிற்கிறாராம். ஒரு கையால் பேண்டு மாஸ்டரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பாவம், அந்த மனிதர் மிச்சமிருந்த ஒரே கையால் ஜால்ரா மாதிரி எதையோ ஆட்டிக்கொண்டிருந்தார். நான் படியிலிருந்து இறங்கி அருகில் போனதும் பேண்டு மாஸ்டர் என் காதில் கெஞ்சினார்.

"எம்மா, நீங்கதான் பொண்ணா? ஒரு டீ குடிக்கக்கூட விடலம்மா. இனிமேலாவது என்ன விடச் சொல்லும்மா."