மணித்தியாலம் ஐயா ஏறிய விமானம்

ஓடுகிற, மிதக்கிற, பறக்கிற எதிலும் மணித்தியாலம் ஐயா நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. கூடப் போனவர்களையும் உட்கார விட்டதில்லை. ஓப்பநாயக்க ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அவர் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவருக்குக் கீழே சின்ன கிளாக்கர். எந்த வண்டியில் ஏறினாலும் சாரதியிடம் போய், இதுவரை எத்தனை மணித்தியாலம் ஓட்டியிருக்கிறீர் என்று கேட்பார். மணி நேரத்துக்கு அவர்கள் ஊர்ச் சொல் அது; அதுவே பெயராகிவிட்டது.

இரத்தினபுரி பஸ் அவர் கேட்டு முடிக்கும்வரை நகராது. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடமும் கேட்டார். பதில் திருப்தியில்லாமல், வீங்கிய கன்னத்தோடு அப்படியே திரும்பி வந்தார். அந்த வாரம் முழுக்க அவருடைய முனகலைக் கேட்டவன் நான்.

ஒரு மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம், நிலைமை மோசம். ரயிலில் போய்ச் சேரத் தாமதமாகும் என்று தோட்டத்துத் துரை சின்ன விமானமொன்றில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்து, துணைக்கு என்னை அனுப்பினார். மழையில் பஸ் மாறி மாறி இரத்மலானை விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் என் எலும்பெல்லாம் கழன்றுவிட்டது.

விமானம் லொறியைவிடக் கொஞ்சம் பெரிது. விமானி மீசை அரும்பிய சிங்களப் பையன். ஏணியடியில் நின்று ஐயா, என்னைக்கொண்டு சிங்களத்தில், வழக்கமான கேள்வியைக் கேட்டார். பையன் எதையும் மறைக்கவில்லை. இந்த விமானத்துக்கு அவன் புதுசு. கூடப் பறக்க வேண்டிய மூத்த விமானிக்குக் காய்ச்சல். இன்றைக்குத் தனியாகத்தான்.

அவ்வளவுதான். ஐயா ஏணியின் முதல் படியில் குடையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார அனுபவசாலி ஒருவர் வரும்வரை யாரும் ஏற முடியாது என்றார். கம்பெனிக்காரர் மிரட்டினார். பயணிகள் திட்டினார்கள். எனக்கு வெட்கமும் அலுப்பும்.

"ஐயா, மக இருக்கிற நெலமையில இது தேவைங்களா? எந்திரிங்க."

"அவளைப் பார்க்கத்தான் குந்தியிருக்கிறன், தம்பி. போய்ச் சேரோணும் எல்லே?"

கடைசியில் லீவிலிருந்த வயதான விமானி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். சவரம் செய்யாத முகம், காலில் ரப்பர் செருப்பு. ஐயா அவரிடமும் கேட்டுத் திருப்தியான பிறகே எழுந்தார்.

பாதி வழியில் மேகத்துக்குள் விமானம் கல்லைப் போல விழுந்தது. முன்னால் பையனின் கைமேல் கிழவரின் கை இருந்ததைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியபோது, திட்டியவர்களே ஐயாவுக்கு வழிவிட்டார்கள்.

பையன் மட்டும் என்னிடம் வந்து சிங்களத்தில் சொன்னான். "காலையில நானும் கம்பெனியில இதையேதான் கேட்டேன். ஆள் இல்லைன்னுட்டாங்க. ஐயாகிட்டச் சொல்லுங்க, பெரிய உதவி."

நான் தமிழில் சொன்னேன். ஐயா யோசித்தார். "இண்டைக்கு அவருக்குக் கொஞ்சம் மணித்தியாலம் கூடியிருக்கும்," என்றார்.

ஆஸ்பத்திரியில் மகளும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பிரசவம் பார்த்த டாக்டரிடம் மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று சாயந்தரம்தான் எனக்கு உறைத்தது. விமானத்தில் ஏறியதும், ஏதாவது ஆனால் முதலில் வெளியேறக்கூடிய வாசலோரத்துச் சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டு, அந்தப் பயந்தாங்கொள்ளி மனுஷன் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.