என் கேள்விக்கு மேல் நானே கேட்ட ஏலம்

கூட்டத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது ஒருவன் மட்டும் பேசினால், அவன் மகா புத்திசாலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். நான் வெளியூர்க்காரன். அன்று அது எனக்குத் தெரியவில்லை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அஸ்தம்பட்டியில் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரர் நாங்கள் இறைக்கும் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்ப்பார். என் மனைவி பாவாயி தாளித்தால் சத்தம் என்று சுவரைத் தட்டுவார். (சத்தமில்லாமல் தாளிப்பது எப்படி என்று அவரும் சொல்லித் தரவில்லை.) சொந்த வீடு என்ற பேச்சை எடுத்தாலே பாவாயிக்குக் கண் கலங்கிவிடும். அந்தச் சமயத்தில் கடலை விலை அடியோடு விழுந்து, பாங்கியில் வீட்டை அடமானம் வைத்த குடியானவர்கள் வட்டி கட்ட முடியாமல் தவித்தார்கள். பாங்கிக்காரர்கள் ஊர் ஊராகத் தமுக்கடித்து வீடுகளை ஏலம் போட்டார்கள். ஏல நோட்டீசுகளைப் பிரதி எடுத்து எடுத்தே நான் ஏலத்தில் நிபுணன் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் செங்கோடன் என்பவருடைய ஓட்டு வீடு ஏலத்துக்கு வந்தது. பாவாயியின் சங்கிலியை விற்ற பணத்தோடு, வக்கீலின் பழைய கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் போய் இறங்கினேன். கோட்டுக்குள் இன்னொரு ஆளும் தாராளமாக இருந்திருக்கலாம்.

ஊரே அந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. பாங்கி ஏஜெண்டு ஆரம்பத் தொகையைச் சொன்னார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பச் சொன்னார். ஒருவர் வேலியைப் பார்த்தார், இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். என் கோட்டைக் கண்டுதான் பயந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கையைத் தூக்கிக் கேட்டேன். அப்போதும் சத்தமில்லை. எவனோ கடைசி நிமிஷத்தில் ஏற்றிக் கேட்கப் பதுங்கியிருக்கிறான், அவனை முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டேன்.

ஏஜெண்டு மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "முன்னால கேட்டதும் நீங்கதானுங்களே?"

"ஆமாம், இருக்கட்டும்," என்றேன் கம்பீரமாக.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கால் பங்குப் பணத்தை அங்கேயே கட்டினேன். யாராவது பாராட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தபோது பக்கத்து வீட்டு மாரப்பன் அருகில் வந்தான். என் வயதுதான் இருக்கும். குரலில் கோபமே இல்லை.

"ஏனுங்க, எங்களுக்கு ஏலம் கேக்கத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒருத்தரும் கேக்கலீன்னா ஏலத்தைத் தள்ளிப் போடுவாங்க. அடுத்த வெள்ளாமை வந்தா செங்கோடண்ணன் கட்டிப்போடுவாரு. அதுக்குத்தானுங்க ஊரே பேசி வெச்சு வாய மூடிக்கிட்டு நின்னோம்."

அப்போதே பின்வாங்கியிருக்கலாம். ஆனால் கட்டிய பணம் திரும்பி வராது, பாவாயியின் சங்கிலி போனது போனதுதான். அதைவிட, முட்டாளானேன் என்று வீட்டில் சொல்ல வெட்கம். வக்கீலிடம் கடன் வாங்கி மீதியையும் கட்டினேன். வீட்டைக் காலி செய்த அன்று செங்கோடன் சாவியை நீட்டி, "மேக்காலச் சுவத்துல மழைக்கு ஒழுகுமுங்க, பாத்துக்கோங்க," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

குடி போனோம். ஊரில் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. பால் கொடுத்தார்கள், அடுப்புக்கு நெருப்புக் கொடுத்தார்கள். ஆனால் பாவாயி கிணற்றடிக்குப் போனால் பெண்கள் வழிவிட்டு, குடத்தையும் தூக்கிவிட்டு, அவள் திரும்பும்வரை பேச்சை நிறுத்திவிடுவார்கள். காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. மாரியம்மன் நோன்பு வருவதற்குள் அவளே தெரிந்துகொண்டாள். அன்று சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊரே வாய மூடிக்கிட்டு நின்னுருக்குது. உங்களுக்கு வாயத் தொறக்க வேற எடமே கெடைக்கலீங்களா?"

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பணத்தை அவர்கள் முடிந்தபோது தரட்டும் என்றாள். செங்கோடன் அதற்குள் குடும்பத்தோடு அணை வேலைக்குப் போய்விட்டிருந்தார். நானும் மேட்டூர் போனேன். கல் சுமக்கிற கூட்டத்தின் நடுவில் நின்று "செங்கோடண்ணா" என்று கத்தினேன். பாதிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. (திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.) எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பிய முகங்களில் அவர் முகம் இல்லை.

மாரப்பனிடம் சாவியைக் கொடுத்து, அவர் வந்தால் கொடு என்று சொல்லிவிட்டு, பழைய அஸ்தம்பட்டி வீட்டுக்கே வாடகைக்கு வந்தோம். அதே வீட்டுக்காரர், அதே தண்ணீர்க் கணக்கு. செங்கோடன் இன்றுவரை வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சோ பங்காளித் தகராறோ, எல்லோரும் பேசாமல் இருக்கும்போது நான் தொண்டையைக் கனைத்தால் போதும். மகள் "ஒரு தரம்" என்பாள், மகன் "ரெண்டு தரம்" என்பான். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். மூன்றாவது தரத்தை மட்டும் பிள்ளைகள் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடாது என்று பாவாயி அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.