அரை டஜன் அக்கா

தென் சென்னையில் தராசு இல்லாமல் எதையும் எடைபோடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் அரை டஜன் அக்கா என்போம். பெயரைக் கேட்டுவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சைதாப்பேட்டை செக்யூரிட்டி அண்ணன், "பெரியவன் இன்னா படிக்கிறான்க்கா?" என்று மரியாதையாக விசாரித்தார். அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதை அவரே சொன்ன பிறகும் அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை. மற்ற ஐந்து பேரைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டார்.

ஆபீஸ் அடையாறில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில். இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் இருக்கும் சின்ன விடுதிகளுக்கு அங்கே யாராவது போன் செய்தால் மணி இங்கே அடிக்கும். நாங்கள் எடுத்து, அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு அறை பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஃபேனுக்கு அடியில் சட்டை நனைய உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசுவது ஒரு கலை. சட்டம் ஒன்றே ஒன்றுதான். பேசுகிறவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. கேட்ட அறை காலியாக இல்லாவிட்டால் அதற்கு ஈடான வேறொன்றைக் காட்ட வேண்டும்.

இதற்கென்றே வெள்ளைக்காரர்கள் வண்டி வண்டியாக வார்த்தை வைத்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் தப்பாகப் போகாது என்பார்கள். இது அதற்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல என்பார்கள். காசைச் சுண்டித்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். நம் ஊரில் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் ரெண்டும் லாயக்கில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் இரண்டு ஜாதகமும் திரும்பிப் போய்விடும்.

அக்காவின் வார்த்தை, 'சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்.' இந்தக் கையில் ஆறு, அந்தக் கையில் அரை டஜன், நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற பாவனை. பெசன்ட் நகரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. அப்பா இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அந்த வீட்டில் குழம்பா ரசமா என்பதைக்கூட இங்கிலீஷில்தான் தீர்மானித்திருப்பார்கள் போல.

மற்றவர்கள் இந்த வார்த்தைகளை மிட்டாய் மாதிரி வாரி இறைப்போம். அக்கா அப்படியில்லை. போனில் இருப்பவரை ஹோல்டில் போட்டு, பாட்டுக் கேட்க விட்டுவிட்டு, இரண்டு அறைகளின் படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே பார்ப்பார். ஜன்னல், கட்டில், படிக்கட்டு, வெந்நீர் கெட்டில் வரைக்கும் பார்ப்பார். முதல் அறையில் இருப்பது இரண்டாவதில் இல்லையென்றால், அந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று தேடுவார். முள் நடுவில் நின்றால்தான் அரை டஜன் வெளியே வரும்.

ஒரு தாத்தா, கல்யாண நாளுக்கு மனைவியோடு தங்கக் கடல் பார்த்த அறை கேட்டார். அது போய்விட்டிருந்தது. அக்கா பின்பக்க அறையைக் காட்டினார். கடல் தெரியாது, ஆனால் மாடி ஏற வேண்டாம், மனைவிக்கு மூட்டுவலி என்றீர்களே, கதவைத் திறந்தால் ரோஜாத் தோட்டம் என்றார். கடைசியில் ஆறு, அரை டஜன். அதற்குப் பிறகு அந்தத் தாத்தா, கடல் அறையைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தப் பழக்கம் ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அவரோடு ஆட்டோவில் தி. நகர் போனேன். டிரைவர் கோட்டூர்புரம் வழியா சைதாப்பேட்டை வழியா என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக்கூடாது. அங்கே சிக்னல், இங்கே பள்ளம், அங்கே நிழல், இங்கே நல்ல டீக்கடை என்று அக்கா இரண்டு பாதைகளையும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஆட்டோ நடுரோட்டில் நின்றது. "யக்கா, பின்னால பஸ்காரன் ஹாரன் அட்ச்சிக்கினு கீறான், சட்டுனு சொல்லு" என்று டிரைவர் கெஞ்சினார்.

புடவைக் கடையில் இன்னும் மோசம். கேட்ட பச்சை இல்லை, இதுவும் அதே மாதிரிதான் என்று கடைக்காரர் வேறொன்றை விரித்தார். "அதே மாதிரி இல்லப்பா. அது பச்சை, இது பச்சைக்குப் பக்கத்து வீடு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, பக்கத்தில் இதே குழப்பத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவுக்கு அவர் கேட்ட ஊதாவுக்கு ஈடாக ஒரு கத்திரிப்பூவை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா தன் தங்கையைக் கூப்பிட்டார், தங்கை நாத்தனாரைக் கூப்பிட்டார். நாங்கள் கிளம்பும்போது சூப்பர்வைசர், தீபாவளி வரைக்கும் வேலைக்கு வர முடியுமா என்று அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு மட்டும் புடவை கிடைக்கவில்லை.

நான் எப்படி என்று கேட்கிறீர்களா? நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஒருமுறை போனில் ஒருவரிடம் இரண்டு அறைகளைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, எங்கோ கேட்ட 'மச் ஆஃப் எ மச்னெஸ்' என்பதை எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும்போது சொல்வதாம் அது. அப்படியானால் நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றார் அந்த மனிதர். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கடைசியில் இரண்டு அறையையும் பதிவு செய்தார், ஒன்று மச்சானுக்காம். பக்கத்தில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு கோடையில் நிலைமை மாறியது. விடுதிகளின் முதலாளியம்மாள் லண்டனில் இருந்தார். செலவைக் குறைக்க வேண்டும், சாயங்கால ஷிஃப்டில் இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதும் என்று முடிவு செய்துவிட்டார். சாயங்கால ஷிஃப்ட் என்றால் அக்காவும் நானும்தான். என் மனைவிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தோம். அக்காவின் சம்பளத்தில்தான் அவர் அம்மாவுக்கு மருந்து. இரண்டு நாற்காலியில் ஒன்று காலியாகப் போகிறது என்றால் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யாரை வைத்துக்கொள்வது என்று முதலாளியம்மாள் மேனேஜரைக் கேட்கவில்லை, அக்காவையே கேட்டார். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருநாள், சமையலறைக்கு மேலே இருக்கும் அறையை நல்ல அறைக்கு ஈடு என்று சொல்லி விற்கச் சொன்னார் மேனேஜர். அக்கா போனில், இது அதற்கு ஈடாகாது, ராத்திரியெல்லாம் மீன் வாசனை வரும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டதிலிருந்து முதலாளியம்மாளுக்கு உலகத்தில் அக்கா ஒருவர்தான் நம்பகமானவர். எனவே ஸ்பீக்கரில், எல்லோரும் கேட்க, நீங்கள் இருவரில் யார் தேவலை, உள்ளதைச் சொல் என்றார்.

அக்கா செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்லி, முதலாளியம்மாளையே ஹோல்டில் போட்டார். லண்டனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பி, விடுதி அறையைப் பார்ப்பது போல என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்கா பொத்தானைத் தட்டி, நிதானமாக, "சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர், மேடம்" என்றார்.

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இரண்டும் சமமென்றால் நான் எப்படி ஒன்றை எடுப்பது, இருவரும் இருங்கள் என்றார் முதலாளியம்மாள். வெட்டு வேறெங்கோ விழுந்தது. மறுவாரத்திலிருந்து மேனேஜர் அறையில் ஏசி ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த அக்காவை எலியட்ஸ் பீச்சில் பஜ்ஜிக் கடை முன்னால் பிடித்தேன். மிளகாய் பஜ்ஜியையும் வாழைக்காய் பஜ்ஜியையும் வைத்துக்கொண்டு அவர் தீவிர விசாரணையில் இருந்தார். எனக்காகப் பொய் சொன்னீர்களா என்று கேட்டேன். அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"செக் பண்ணாம நான் எதையாவது சொல்லியிருக்கேனாப்பா? எனக்கு இங்கிலீஷ் ஒழுங்கா வரும். ஆனா கோபமா பேசறவன் எங்கிட்ட கோபமாவே போனை வெச்சிடுவான். நீ தப்பும் தவறுமா உளறுவ. அவன் சிரிச்சிட்டு ரூம் போட்டுட்டுப் போவான். ரெண்டையும் வெச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் பஜ்ஜியின் மேல் பழியைப் போட்டேன்.

என் மகள் இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். அக்கா போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் நாற்காலிக்கு ஆள் தேடி, வந்தவர்களை எல்லாம் என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னார் மேனேஜர். அக்கா செய்தபடியே ஒவ்வொருவரையும் மனசுக்குள் அவருக்குப் பக்கத்தில் வைத்து, பொறுமையாக, மேலிருந்து கீழே பார்த்தேன். அக்காவுக்கு ஈடாக யாராவது தேறினார்களா என்று மேனேஜர் கேட்டார். எங்கள் ஆபீசில் சொல்லவே கூடாத வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன்.

"இல்லை சார்."