இன்னொரு கேஜ் எங்கே?

கணக்குத் தெரிந்தவர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களையும் தெரியும், வீட்டுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அவர்களிடம் ஒரு கணக்கை நீட்டிப் பாருங்கள். விடை வராது, கேள்வியில் தப்பு வரும்.

எங்கள் கோலார் தங்கவயலில் இந்த இனத்துக்குத் தலைவர் சகாயம். மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பெங்களூர் போகும் காலை ரயிலில், தினமும் ஜன்னலோரம் இடம் பிடித்து, டிபன் பையை மடியில் வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, யாராவது இயற்பியல் புத்தகத்தைத் திறக்க மாட்டார்களா என்று காத்திருப்பார். வழுவழுப்பான சாய்தளத்தில் கட்டை சறுக்குகிறதா? “வழுவழுப்புன்னு எவன் சொன்னான்? கைய வச்சுப் பாத்தானா?” எடையில்லாத கயிறா? “எந்தக் கடையில விக்குது?” காற்றின் தடையைப் புறக்கணிக்கவும் என்று அச்சடித்திருந்தால், அன்றைக்கு மனிதருக்குச் சாப்பாடே இறங்காது.

அன்று கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஈவ்லின் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பத்து மணிக்கு டெக்னீஷியன் வேலைக்கான பரீட்சை. இரண்டு முறை கோட்டை விட்டவள். வயது வரம்புப்படி இதுவே கடைசி. லிஃப்ட் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை என்றாள்.

சகாயத்துக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை ஓட்டிய டிரைவரின் மகனிடம் லிஃப்ட் கணக்கா! இந்தப் பெண்ணை எப்படியும் கரை சேர்த்துவிட வேண்டும் என்று மனதார நினைத்தார். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

“ஐந்நூறு கிலோ லிஃப்டு, ரெண்டு மீட்டர் முடுக்கத்துல கீழ எறங்குது. கயித்தோட இழுவிசை எவ்ளோண்ணா?”

“இன்னொரு கேஜ் எங்க?”

“இன்னாண்ணா?”

“ஒண்ணு எறங்குனா இன்னொண்ணு ஏறணும்மா. கயிறு சுத்துற டிரம்மு ஒண்ணு, அதுல ரெண்டு கயிறு. எங்கப்பா முப்பது வருசம் ஓட்டுனாரு. ஒத்தக் கேஜ எவன் விடுவான்?”

“புக்குல ஒண்ணுதாண்ணா கீது.”

“அப்போ புக்கு தப்பு.”

பங்காருபேட்டை வருவதற்குள் இரண்டாவது கேஜை வரைந்தார், அதில் பத்துப் பேரை ஏற்றினார், கயிற்றின் எடையைச் சேர்த்தார், கயிற்றுக்குக் கிரீஸ் தடவினார், டிரம்முக்கு பிரேக் வைத்தார், மாலூரில் அந்த பிரேக்கைக் கழற்றி வேறு பிரேக் மாட்டினார். விடை மட்டும் எந்த ஸ்டேஷனிலும் ஏறவில்லை. ஈவ்லினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து இருக்கையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பியாட்ரிஸ், ஐ.டி.ஐ. படித்துத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர், தலையைத் தூக்காமலே சொன்னார்:

“கயிறு விட்டுக்குடுத்தாதானம்மா கீழ எறங்கும்? புவியீர்ப்பு பத்து, அதுல ரெண்ட கழி, எட்டு. ஐந்நூறால பெருக்கு. நாலாயிரம் நியூட்டன். மேல ஏறுனா கூட்டிக்கோ. அவ்ளோதான்.”

சகாயம் பார்த்த பார்வை இருக்கிறதே!

“உள்ள பத்து பேரு கீறாங்களே, அவங்கள இன்னா பண்றது?”

“எறக்கி விட்ருங்க.”

பரீட்சையில் லிஃப்ட் வந்தது, மேலே ஏறிக்கொண்டு. ஈவ்லின் அரை நிமிடம் இரண்டாவது கேஜைத் தேடினாள், தொற்று நோய்தானே? பிறகு தலையை உதறிக்கொண்டு எழுதினாள். அடுத்த மாதம் பாஸ் என்று தெரிந்ததும், சகாயம் சொந்தக் காசில் மைசூர்பாகு வாங்கி ரயில் பெட்டி முழுக்கக் கொடுத்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“கேள்வி தப்பு. ஆனாலும் பொண்ணு பாஸ் பண்ணிட்டா!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பியாட்ரிஸ் பத்து என்று சொன்ன இடத்தில், ‘பத்து ஏது? ஒன்பது புள்ளி எட்டு அல்லவா!’ என்று ஓர் உதடு முணுமுணுத்ததே, அது யாருடையது?