அந்தோணியாருக்கு ஏலக்காய்

பையைத் திறந்ததும் மேலாக ஓர் அரைக்கால் டவுசர் இருந்தது. அதை எடுத்தால் அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் பூப்போட்டது ஒன்று.

செல்லானம் கடற்கரையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயது பவுல்ராஜ் மூன்று டவுசர்களையும் மணலில் பரப்பிவிட்டு, மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"ஏலே ரிஜோ, பையில என்னத்தலே வச்சு அடைச்சிருக்க?"

"பீச்சுக்கு வேண்டியது எல்லாம் இருக்குப்பா. பேசாம நடங்க."

"வேட்டி எங்கலே?"

"வேட்டிய அம்மாதான்..."

மலைமேல் டவர் போய்விட்டது.

சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் முதுகில் மாட்டித் திரிவார்களே, அது மாதிரிப் பைதான் வேண்டும் என்று வாங்கிக் கொடுத்தவன் ரிஜோ. 'கோயிலுக்குப் போற மனுசனை டவுசர் போடச் சொல்லுதானே' என்று பவுல்ராஜ் வருத்தப்பட்டார்.

போவது நேர்ச்சைக் கடன் செலுத்த. மனைவி செபமாலையம்மாள் மூட்டு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். அவள் எழுந்து நடந்துவிட்டால், கடற்கரையோடே நடந்து போய், தன் வீட்டுக் கொல்லை ஏலக்காயை அந்தோணியார் பாதத்தில் வைப்பதாக வேண்டிக்கொண்டார். போன ஞாயிறு அவள் தானாகவே கோயிலுக்கு நடந்து போனாள்.

பஸ் ஏறும்போது அவள் இரண்டு கட்டளை போட்டிருந்தாள்.

"ஏங்க, ஏலக்காய்ப் பொட்டலம் அடியில இருக்கு. கோயில் வர்ற வரைக்கும் தொடக்கூடாது. வழியில யாரு கைய நீட்டினாலும் வெறுங்கையா அனுப்பக்கூடாது. அனுப்புனா நேர்ச்சை பலிக்காது."

டவுசர்களை மடித்து உள்ளே வைத்தார். பையில் ஒரு களிம்பும் இருந்தது. பித்தவெடிப்புக்குத்தான் மகன் வைத்திருக்கிறான் என்று நெகிழ்ந்து, குதிகாலில் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

ஒரு கல் தூரம் போவதற்குள் பின்னால் யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். செம்பட்டைத் தாடி வைத்த நெட்டை வெள்ளைக்காரன். முதுகில் பெரிய பை. நேற்றுப் பஸ்ஸில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவன். மூச்சு வாங்க நின்றவன், கையை நீட்டினான்.

"பசியா தம்பி?"

பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவன் பிஸ்கட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், என்னவோ சொன்னான். மறுபடியும் கையை நீட்டினான்.

"இன்னமுமா? பாவம், எத்தனை நாள் பட்டினியோ!"

இன்னொரு பாக்கெட் கொடுத்தார். அவன் தலையில் அடித்துக்கொண்டு, தன் பையைத் திறந்து வெள்ளை வேட்டி ஒன்றை உருவி அவர் முகத்துக்கு நேராக ஆட்டினான்.

பவுல்ராஜுக்கு வயிறு எரிந்தது. "பாருலே ரிஜோ! வெள்ளைக்காரன் வேட்டி வச்சிருக்கான். உங்கப்பனுக்கு டவுசர்!" பிறகு கனிந்து, "கட்டத் தெரியலியா தம்பி? இப்படி வா" என்று அவனை இழுத்து நிறுத்தி, இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். போலீஸ் பிடித்தவன் போல அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

அடுத்து, சார்ஜ் இறங்கி இருட்டிக்கிடந்த தன் போனைக் காட்டினான். போனிலிருந்து அவர் பைக்கும், பையிலிருந்து போனுக்கும் விரலை ஆட்டினான்.

"பிஸ்கட்டுக்குப் பதிலா போனா? தர்மத்துக்குக் கூலி வாங்குற குடும்பம் இல்லய்யா எங்களுது."

கடைசியில் அவன் தன் பையை அவர் காலடியில் இறக்கி, அவர் முதுகைச் சுட்டிக் காட்டினான்.

"தூக்க முடியலியா? அதுக்கென்ன, குடு."

அதையும் வாங்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. முட்டையிடக் கரையேறிய ஆமை மாதிரி அவர் அசைந்து போக, வேட்டி தடுக்கத் தடுக்க வெள்ளைக்காரன் பின்னாலேயே வந்தான். சில சமயம் கத்தினான். சில சமயம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

ஓரிடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பேர் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எந்தப் பக்கம் பயணம் என்று கையை நீட்டி விசாரித்தார்கள். எதற்காக நீட்டினால் என்ன, நீட்டிய கை நீட்டிய கைதானே? ஆளுக்கொரு டவுசர் கொடுத்தார். வெள்ளைக்காரன் வானத்தைப் பார்த்து அலறினான்.

"தர்மத்தைக் கண்ணால பாத்தா மனசு நெறையத்தான் செய்யும், தம்பி" என்றார் பவுல்ராஜ்.

மறுநாள் மாலை கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, வழியில் கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து அவர் பை துணிப்பை போலத் துவண்டிருந்தது. இரண்டு பைகளையும் இறக்கினார். மெழுகுவர்த்திக் கடை ஜிபி அவர்களை வேடிக்கை பார்த்தாள். சென்னையில் நர்ஸாக இருந்து ஊர் திரும்பியவள் அவள்.

பவுல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டு தன் பையின் அடியில் கையை விட்டார். ஒரு மழைக்கோட்டு. இரண்டு காலுறை. அதற்குக் கீழே பையின் தையல்தான் தட்டுப்பட்டது. பையைக் கவிழ்த்து உதறினார். மணல் கொட்டியது.

"அய்யோ, அந்தோணியாரே! யாருக்கோ சேத்துத் தூக்கிக் குடுத்துட்டேனே. செபமாலை கால் மறுபடி முடங்கிட்டா நான் என்ன செய்வேன்?"

அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

வெள்ளைக்காரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்தில் மண்டியிட்டு, தன் பையின் அடியாழத்தில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தான். பழைய நீலச் சேலைத் துணியில் கட்டிய பொட்டலம். அவிழ்க்கும் முன்பே ஏலக்காய் மணத்தது.

பவுல்ராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிவந்தவன், கை நீட்டிச் சோதித்தவன், வழியெல்லாம் விடாமல் துணைக்கு வந்தவன்! இவன் யார் என்று இப்போது விளங்கிவிட்டது.

"வானத்துலேருந்து எறங்கி வந்த சம்மனசே!" என்று தடாலென்று அவன் காலில் விழுந்தார்.

வெள்ளைக்காரன் பதறிப் பின்வாங்கினான். ஜிபி ஓடிவந்து அவனிடம் இங்கிலீஷில் விசாரித்தாள். இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அவன் ஒரே மூச்சில் கொட்டினான். கேட்கக் கேட்க அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, பவுல்ராஜின் தோளைத் தொட்டாள்.

"எழுந்திருங்க அண்ணா. பஸ்ஸுல பை மாறிப் போச்சாம். நீங்க தானம் பண்ணினதெல்லாம் இவரோடதாம். ஒரே ஒரு டவுசராவது மிச்சம் இருக்கான்னு கேக்கறார்."